மொட்டை மாடியில் மூத்திரப் பரிசோதனை

ஒரு கையில் மெல்லிய ஸ்ட்ரிப். இன்னொரு கையில் அந்த ஸ்ட்ரிப் வந்த டப்பா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஓசூரின் பனிக்காலக் காலை. வாயைத் திறந்தால் புகை வருகிறது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் என் முட்டிகள் ஒவ்வொரு படிக்கும் ஒரு புகார் சொல்கின்றன.

முதல் மாடி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். தெலுங்குக்காரர். குடிவந்த நாளிலிருந்து என்னிடம் பாதி தெலுங்கு, பாதி தமிழ்தான்.

“ஏமி சாமி, பொத்துன்னே, காலங்காத்தால, ஊதுபத்தி எத்துக்கினு எங்க ஓடறீங்க?”

“ஊதுபத்தி இல்லீங்கம்மா. பாப்பாவோட யூரின்.”

அந்த அம்மா கோலமாவுக் கிண்ணத்தைச் சட்டென்று கையால் மூடிக்கொண்டார்.

மொட்டை மாடிக்குப் போய், நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் நின்று, டப்பாவில் அச்சடித்திருந்த நிறங்களோடு ஸ்ட்ரிப்பை வைத்துப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாக இருந்தது. முந்தின நாளும் பச்சை. அதற்கு முந்தின நாளும் பச்சை.

மூன்று நாள் தொடர்ந்து பச்சை வந்தால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். என் மகள் ஜெனியின் நோய் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் நிறுத்தியிருந்த ஸ்டீராய்டு மாத்திரைகளை மறுபடி முழு அளவில் ஆரம்பிக்க வேண்டும் என்று அர்த்தம்.

தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தரை ஈரம் என்பதுகூட லுங்கி நனைந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு நொடி, எனக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வேறு பயந்தேன்.

கன்னம் வைத்த கதை

ஜெனி அப்போது ஒன்றாம் வகுப்பு. லேட்டாகப் பிறந்த ஒரே பெண். முருங்கைக்காய்க்கு ரிப்பன் கட்டியது போல இருப்பாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கண் இமைகள் இரண்டும் வீங்கி எழுந்து வந்தாள். நான் உடனே ஆராய்ச்சி செய்து முடிவைச் சொன்னேன்: கொசு. சாயங்காலம் வீக்கம் வடிந்துவிட்டது. என் வைத்திய ஞானத்தை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலையில் மறுபடி வீக்கம். இதைவிடப் பெரிய கொசு என்றேன்.

அடுத்தடுத்த நாட்களில் கன்னம் உப்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை சூளகிரியிலிருந்து என் மச்சான் அந்தோணி, வழக்கம்போல ஒரு பை புதினாவும் தக்காளியுமாக வந்து இறங்கினான். குழந்தையைத் தூக்கியவன் முகம் மலர்ந்துபோனது.

“மாமா, இப்பதான் பாப்பா நம்ம வூட்டுப் பாப்பா மாதிரி இருக்குது. நான் குடுத்தனுப்புன ராகிமாவு வேலை செஞ்சிகினு இருக்குது பாத்தியா?”

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்து போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். ‘திருஷ்டி சுத்திப் போடு’ என்று பதில்கள் வந்து குவிந்தன.

லூர்துதான் சந்தேகப்பட்டாள். லூர்து என் மனைவி. எங்கள் வீட்டில் மூளை இருக்கும் இடம்.

“ஏங்க, நேத்து போட்ட கவுனு இன்னிக்கு இடுப்புல ஏறல. ஒரே ராத்திரியில எந்தப் புள்ளைங்க குண்டாவும்? பாத்ரூம்ல வேற சோப்புத் தண்ணி மாதிரி நுரை நுரையா போவுது.”

உள்ளூர்க் குழந்தை டாக்டர் ஜெனியின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது, பூரி மாவில் விரல் வைத்த மாதிரி. சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, “கிட்னில ஒரு சின்ன கோளாறு” என்று ஆரம்பித்தார்.

அவர் முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“டாக்டர், என் கிட்னிய எடுத்துக்கங்க.”

“யாரும் கேக்கலயே சார். உக்காருங்க.”

“ரெண்டையும் எடுத்துக்கங்க.”

லூர்து என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதற்கப்புறம் டாக்டர் அவளைப் பார்த்து மட்டுமே பேசினார். சிறுநீரகம் ஒரு சல்லடை மாதிரி. இந்தக் குழந்தைக்கு அந்தச் சல்லடையின் கண் கொஞ்சம் தளர்ந்து, ரத்தத்தில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிவிடுகிறது. அதனால்தான் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று பெயர். பெரும்பாலான குழந்தைகள் மாத்திரைக்கு நன்றாகக் கேட்பார்கள். ஆனால் திரும்பத் திரும்ப வரக்கூடிய நோய். பெங்களூரில் குழந்தைகளின் சிறுநீரகத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டிவிடுங்கள்.

ராகிமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அந்தோணிக்கு போனில் சொன்னேன். அவன் உடனே லூர்துவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

எல் போர்டு

கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டினாலே எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். டிராஃபிக் ஒரு காரணம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்த லிஃப்ட் எந்தக் கட்டடத்துக்குப் போகும் என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை ஜெனியைக் கூட்டிக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த நர்ஸ் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை.

எங்களைப் பார்த்தவர் டாக்டர் சுபா. சின்னப் பெண். முப்பது இருந்தால் அதிகம். கன்னடக்காரர் என்றாலும் பெங்களூர்த் தமிழ் நன்றாகப் பேசுவார். பேச்சுவாக்கில், தான் இங்கே படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

எனக்குப் பகீரென்றது. ஸ்கூட்டியில் ‘எல்’ ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாலே சாலை ஓரமாக இறங்கி நிற்கிற ஆள் நான். வெளியே வந்ததும் லூர்துவின் காதில் கிசுகிசுத்தேன்.

“இன்னும் படிச்சிகினு இருக்குதாம். நம்ம புள்ளமேல ஓட்டிப் பழகுமோ?”

“எம்.பி.பி.எஸ். முடிச்சி, குழந்தைங்க வைத்தியத்துக்குத் தனியா படிச்சி, டாக்டராவே வேலை பாத்து, அதுக்கு மேல கிட்னிக்குன்னு தனியா படிக்குதுங்க அந்தப் பொண்ணு. நீங்க டிப்ளமோ முடிச்ச அன்னியோட புத்தகத்த மூடுனவரு. வாய மூடுங்க.”

மூடிக்கொண்டேன். ஆனால் குழப்பம் போகவில்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர் சுபா பார்த்து முடித்ததும் பின்னாலேயே ஒரு பெரிய டாக்டர் வருவார். “ஏன் இந்த டோஸ்? ஏன் இதைவிடக் குறைவா இல்ல?” என்று எங்கள் எதிரிலேயே அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்பார். அது டக் டக்கென்று பதில் சொல்லும். கேள்வி அதற்கு, வியர்ப்பது எனக்கு. சில சமயம் பதில் தெரிந்த மாதிரி நானும் தலையாட்டி வைப்பேன்.

எந்தக் கன்னம் நல்ல கன்னம்?

மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நீர் வடிந்தது. கண் திறந்தது. கவுன் இடுப்பில் ஏறியது. புரதம் ஒழுகினால் பச்சையாகும் ஸ்ட்ரிப்பில் மஞ்சள் வந்தது. நான் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதை நினைவுபடுத்தி லூர்துவிடம் திட்டு வாங்கினேன். மொட்டையடிப்பதாக நேர்ந்துகொண்டது அவள் தலையை.

அதற்குப் பிறகுதான் அடுத்த கூத்து. மாத்திரையின் வேலையால் ஜெனிக்கு மறுபடி கன்னம் உப்ப ஆரம்பித்தது. இந்த முறை நீர் இல்லை, மருந்து. முகம் பௌர்ணமி மாதிரி உருண்டது. பசி என்றால் அப்படி ஒரு பசி. இட்லி வேகும் சட்டிக்கு எதிரில் தட்டோடு உட்கார்ந்து மூடியையே முறைப்பாள். “என்னை யாருக்கும் பிடிக்கல” என்று காரணமே இல்லாமல் அழுவாள். நான் சமாதானம் சொல்லப் போனால் ஸ்கேலால் அடிப்பாள்.

அந்தோணி வந்தான். கன்னத்தைப் பார்த்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான்.

“மாமா, இது எந்தக் கன்னம்? சந்தோசப்படலாமா, கூடாதா?”

எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பள்ளிக்கூடத்தில் ‘பூசணிக்கா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெனி எங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கன்னத்தையும் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு மூச்சடைக்க நின்றாள். கதவிடுக்கில் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பி வந்தேன்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு வழியாக நிறுத்தினார்கள். கன்னம் வடிந்து அந்தக் கூர்மையான சின்ன மோவாய் வெளியே வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொலைந்த என் மகளின் முகம், இரண்டாம் வகுப்பில்தான் திரும்பிக் கிடைத்தது. அதை மறுபடி தொலைக்க வேண்டுமா என்பதுதான் அன்றைக்கு மொட்டை மாடியில் எனக்கு இருந்த கேள்வி.

பெயின்ட் லைன் புத்தி

மொட்டை மாடிக்கு ஏன் ஓடினேன் என்று சொல்ல வேண்டும். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: பைக்கின் பெட்ரோல் டேங்க்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலையில் நிறம் சரியா என்று பார்த்துச் சொல்பவன் நான். மாதிரித் தகடு ஒன்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் டேங்க்கை வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில் என் மண்டையில் அடித்து ஏற்றப்பட்ட பாடம் ஒன்றே ஒன்று: ட்யூப் லைட்டை நம்பாதே. உள்ளே ஒரே சிவப்பாகத் தெரிந்தது, வெளியே வெயிலில் ஒன்று ரத்தமாகவும் ஒன்று செங்கல்லாகவும் நிற்கும். அதனால் சந்தேகம் வந்தால் டேங்க்கைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வெளியே ஓடிவிடுவோம். எங்கள் லைனில் யாராவது டேங்க்கைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வெயிலுக்கு ஓடினால், என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

ஜெனியின் ஸ்ட்ரிப்பை முதலில் எல்லாம் குளியலறையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள்தான் வந்துகொண்டிருந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகு பயம் பிடித்துக்கொண்டது. இது உண்மையான மஞ்சளா, ட்யூப் லைட் காட்டும் மஞ்சளா? அந்தச் சந்தேகம் வந்த நாளிலிருந்துதான் மாடி ஓட்டம். மாடி ஓட்டம் ஆரம்பித்த நாளிலிருந்துதான் பச்சை.

இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புத்தி வாசகர்களாகிய உங்களுக்கு இருக்கிறது. எனக்கு இல்லை.

வண்டி நிறுத்துமிடத்தில்

அன்று காலையே பெங்களூர் பஸ் ஏறினோம். அதிகாலைச் சிறுநீரை ஒரு சின்ன பாட்டிலில் மூடி, அதை ஒரு கவரில் சுற்றி, அதை ஜெனியின் டிபன் பையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் பையைப் பார்த்துவிட்டு, “ஊட்டா ஆயித்தா?” என்று விசாரித்தார். இன்னும் சாப்பிடவில்லை என்று உண்மையைச் சொன்னேன்.

“பன்னி, கூத்கொள்ளி. வாங்க, உக்காருங்க. என்ன ஆச்சு சார்?” என்றார் டாக்டர் சுபா.

மூன்று நாள் பச்சை என்று ஒப்பாரி வைத்தேன். அவர் முகமும் சுருங்கிவிட்டது. ஜெனியின் இமை, கால், வயிறு எல்லாம் பார்த்தார். அழுத்தின இடத்தில் பள்ளம் இல்லை. நான் கொண்டுபோன பாட்டிலைத் திறந்து ஸ்ட்ரிப்பைத் தோய்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ட்ரிப்பைப் பார்த்தார்.

“மஞ்சளா இருக்கே சார்.”

“மேடம், உங்க டப்பா பழசா இருக்கும்.”

“நேத்துதான் சார் பிரிச்சேன்.”

“அப்ப ரூம் லைட்டு சரியில்ல. ஒரே பீஸ ரெண்டு பேரு பாத்து ரெண்டு விதமா சொன்னா, ரெண்டு பேருமே மறுபடி பாக்கணும். எங்க கம்பெனி ரூலு அது.”

“நல்ல ரூல்தான்,” என்று அவர் ஒரு ஸ்ட்ரிப்பை என் கையில் கொடுத்தார். “வீட்டுல எப்படிப் பண்றீங்களோ அப்படியே பண்ணிக் காட்டுங்க. நான் இருக்கேன்னு எதையும் மாத்தாதீங்க.”

தோய்த்தேன். உதறினேன். டப்பாவை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டேன். எழுந்து ஓடினேன்.

“சார்! சார், எங்க போறீங்க?”

ரத்தம் எடுக்கும் வரிசையை இடித்துக்கொண்டு, மருந்து வாங்கும் கூட்டத்தைச் சுற்றி, படியிறங்கி ஓடினேன். பின்னால் ஸ்டெதஸ்கோப் ஆட ஆட டாக்டர் சுபா. அவருக்குப் பின்னால் ஜெனியை இழுத்துக்கொண்டு லூர்து. ஒரு காவலாளி வேறு சந்தேகத்தோடு கூடவே ஓடிவந்தார்.

“அப்பா டெய்லி இப்படித்தான் டாக்டர்,” என்று ஜெனி மூச்சிரைக்க விளக்கிக்கொண்டு வந்தாள். “வீட்டுல மாடிக்கு ஓடுவாரு. நடுவுல ஓனர் ஆன்ட்டிகிட்ட நின்னு பேசுவாரு. அப்புறம்தான் பாப்பாரு.”

வண்டிகள் நிறுத்துமிடத்தில் நல்ல வெயில். அங்கே நின்று ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் பிடித்தேன். அழகான இளம்பச்சை.

“பாத்தீங்களா மேடம்! நான் சொன்னேன்ல!”

உலகத்தில் தன் பெண்ணுக்கு நோய் வந்துவிட்டது என்று நிரூபித்துவிட்டு வெற்றிப் பார்வை பார்த்த ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டர் சுபா மூச்சு வாங்கினார். பைக் சீட் ஒன்றில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை அவரால்.

“சார், இதைத் தோய்ச்ச ஒரு நிமிஷத்துல பாத்துடணும். அதுக்கப்புறம் தன்னால நிறம் மாறிக்கிட்டே போகும். அப்புறம் அது பொய்தான் சொல்லும். நீங்க ஊர்கோலம் போயிட்டு வந்து பாக்கறீங்க.” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, “நல்லவேளை, பண்ணிக் காட்டுங்கன்னு கேட்டேன். நீங்க சொன்னதும் மாத்திரை எழுதத்தான் முதல்ல கை போச்சு,” என்றார்.

லூர்து என் கையிலிருந்து ஸ்ட்ரிப்பையும் டப்பாவையும் பிடுங்கி டாக்டரிடம் கொடுத்தாள்.

லேபில் கொடுத்த சிறுநீரின் முடிவும் வந்தது. புரதம் இல்லை. மாத்திரை வேண்டாம்.

ஏன்? ஏன்? ஏன்?

நிம்மதி வந்ததும் எனக்கு அடுத்த குழப்பம் வந்தது.

“அப்ப இனிமே வராதா மேடம்?”

“வரலாம் சார். வராமலும் போகலாம்.”

“ஏன் சில புள்ளைங்களுக்குத் திரும்பத் திரும்ப வருது?”

“சரியாத் தெரியாது சார்.”

தொழிற்சாலையில் ஒரு டேங்க்கில் கொப்புளம் வந்தால் ஏன், ஏன், ஏன் என்று விடாமல் கேட்டுக்கொண்டே போவோம். கடைசியில் ஏதாவது ஒரு காரணம் மாட்டும். மாட்டாவிட்டால் யாராவது ஒருவர் மாட்டுவார். இங்கே முதல் ‘ஏன்’னிலேயே தரை தட்டிவிட்டது. கேள்விக்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லும் பெண் ‘தெரியாது’ என்றதும், பயப்பட வேண்டுமா, மரியாதை கொடுக்க வேண்டுமா என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ‘ஏன்’னைத் தேடித்தான் தாங்கள் ஆராய்ச்சி செய்வதாகவும், விருப்பமிருந்தால் ஜெனியின் சிறுநீரும் கொஞ்சம் ரத்தமும் அதற்குத் தரலாம், வேண்டாமென்றாலும் வைத்தியம் இதேபோல நடக்கும் என்றும் சொன்னார்.

ஆராய்ச்சி என்றதும் எனக்கு எலிதான் கண்ணில் வந்தது. லூர்துவிடம் ரகசியமாகச் சொன்னேன்.

“எலிகூட இப்படி நடுங்காதுங்க,” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

“என் யூரின என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள் ஜெனி.

“ஐஸ்கிரீமைவிட ஜில்லுனு உறைய வெச்சுப் பத்திரமா வெப்போம்.”

“அதுல என் பேரு எழுதுவீங்களா?”

“பேர் எழுதக் கூடாதும்மா. நம்பர் மட்டும்தான்.”

ஜெனிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு அப்பளம்

பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்போது ஜன்னல் ஓரத்திலிருந்து கேள்வி வந்தது.

“அப்பா, எனக்கு சரியாயிடுச்சா?”

ஒரு ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“இன்னிக்கு சரியா இருக்குடா.”

“நாளைக்கு?”

“நாளைக்குக் காலையில பாக்கலாம்.”

“அப்ப இன்னிக்கு அப்பளம் சாப்பிடலாம்ல?”

வீங்கியிருந்த காலத்தில் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் அப்பளம் பொரிப்பதில்லை. இப்போது பொரிக்கலாமா? ஆஸ்பத்திரியில் இதைக் கேட்கத் தோன்றவில்லை. திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வரட்டுமா என்று எழுந்தேன். லூர்து பார்த்த பார்வையில் உட்கார்ந்தேன். “நான் கேட்டுட்டேன். அப்பப்ப ஒண்ணு சாப்பிடலாமாம்,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு அப்பளம் எண்ணெயில் விழுந்தது. அந்த வாசனைக்கு எனக்கே நாக்கு ஊறியது. ஜெனி அதைச் சோற்றின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரே அழுத்தாக அழுத்தினாள். நொறுங்கும் சத்தம் கூடம் வரை கேட்டது.

நான் எதிரில் உட்கார்ந்து அவள் இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது இமை கொஞ்சம் பருத்த மாதிரி இருந்தது. இல்லை, வலது. இல்லை, இரண்டும் ஒன்றுதான். வெளிச்சம் போதவில்லையோ?

ஜெனி தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அப்பா, சும்மா சும்மா பாக்காத. உனக்குத் தர மாட்டேன்.”